லீவு லெட்டரில் எதற்கு வைரல் காய்ச்சல்?

‘ஐயா, என் மகனுக்குக் கடுமையான வைரல் காய்ச்சல் இருப்பதால், 8-ம் தேதி முதல் 12-ம் தேதி வரை ஐந்து நாட்கள் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்...’

எங்கேயோ படித்த மாதிரி இருக்கிறதா? இருக்காதா பின்னே! நம் வீட்டு சாப்பாட்டு மேஜையில் எழுதப்பட்ட லெட்டர்தானே! கையெழுத்துப் போட்ட கையோடு அப்பா பரண் மேலிருந்து சூட்கேஸை இறக்குகிறார். அம்மா புளியோதரைக்குப் புளி கரைக்கிறார். ‘காய்ச்சல்காரன்’ குரங்குக் குல்லாவை மாட்டிக்கொண்டு, “ஊட்டியில முதல்ல போட்டிங்கா, டிரெயினா?” என்று குதிக்கிறான்.

மூன்றாம் நாள் அம்மாவின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பைக்காரா போட்டோ. அதை க்ளாஸ் டீச்சரும் பார்க்கிறார்!

பள்ளிக்கூட நாளில் பிள்ளைகளை டூர் அழைத்துப் போகலாமா, கூடாதா? இதில் இரண்டு கட்சி உண்டு. “படிப்பு என்னத்துக்கு ஆகும்?” என்பது ஒரு கட்சி. “நாலு நாள்ல என்ன குடி முழுகிப் போச்சு?” என்பது இன்னொரு கட்சி. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருஷத்தில் நாலைந்து நாள் போவதில் பெரிய தப்பில்லை. போகவே கூடாத பிள்ளைகளும் உண்டு. யார் யார் என்று பிறகு சொல்கிறேன். ஆனால், எந்தப் பிள்ளையையும் பொய்க் காய்ச்சலோடு அழைத்துப் போகாதீர்கள். படிப்பில் விட்டதைப் பிடித்துவிடலாம். அந்தப் பொய் செய்கிற வேலை வேறு.

மே மாதம் போனால் என்ன?

“அதான் ஒன்றரை மாசம் லீவு விடறாங்களே, அப்ப போகக் கூடாதா?” என்று பள்ளிக்கூடத்தில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பதிலும் நியாயமாகவே இருக்கிறது.

தமிழ்நாட்டில் பெரிய லீவும் கத்திரி வெயிலும் ஒன்றாகத்தான் வருகின்றன. மே 4-ம் தேதியை ஒட்டி ஆரம்பிக்கிற அக்னி நட்சத்திரம் மாதக் கடைசி வரை வறுத்தெடுக்கிறது. 2023-ல் வெயில் தணியாததால் பள்ளி திறப்பதையே ஜூன் 12-க்குத் தள்ளி வைத்தார்கள். 2024-லும் ஜூன் 10 ஆனது. இந்த வெயிலில் ஐந்து வயதுக் குழந்தையை இரண்டாம் வகுப்புப் பெட்டியில் பகல் முழுக்க உட்கார வைத்துக் கூட்டிப் போவதை எந்தக் குழந்தை மருத்துவரும் விரும்ப மாட்டார். சின்ன உடம்பு பெரியவர்களின் உடம்பைவிட சீக்கிரம் சூடேறும், சீக்கிரம் நீர் வற்றும். தாகம் என்று கேட்கவும் அதற்குத் தெரியாது, விளையாட்டில் மறந்துவிடும்.

சரி, குளிர்ச்சியான இடத்துக்கே போகலாம் என்றால், ஊர் முழுக்க அங்கேதான் நிற்கிறது. கூட்டம் தாங்காமல் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வாங்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025 சீசனில் இன்னும் ஒரு படி மேலே போய், நீலகிரிக்குச் சாதாரண நாட்களில் 6,000 வண்டிகள், வாரக் கடைசியில் 8,000 வண்டிகள், கொடைக்கானலுக்கு 4,000-மும் 6,000-மும் என்று எண்ணிக்கையையே கட்டுப்படுத்தியது. சீசனில் லாட்ஜ் வாடகையைக் கேட்டால் அந்தக் குளிரிலும் வியர்க்கும்.

ரயில் டிக்கெட் கதை வேறு. 2024 நவம்பரிலிருந்து முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. மே 10-ம் தேதி கிளம்ப வேண்டுமானால் மார்ச் நடுவில் ஒரு நாள் காலை 8 மணிக்கு மொபைலும் கையுமாக உட்கார வேண்டும். வீட்டில் ஆண்டுத் தேர்வு ஜுரம் அடிக்கிற நேரம் அது!

இதற்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது. எல்லா அப்பாக்களுக்கும் மே மாதம் லீவு கிடைப்பதில்லை. துபாயிலோ மஸ்கட்டிலோ வேலை செய்கிறவருக்கு, கம்பெனி எந்த மாதம் விடுகிறதோ அந்த மாதம்தான் வீடு. ஜவுளிக்கடை வைத்திருப்பவர் ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் நடுவே நகர முடியாது. நர்ஸ் வேலை பார்க்கிற அம்மாவுக்கு டியூட்டி சார்ட்தான் காலண்டர். அரசு ஊழியருக்கு எல்.டி.சி. ப்ளாக் டிசம்பரோடு முடிகிறதே என்ற தவிப்பு. வருஷத்துக்கு ஒரு தடவை, நாலே நாலு நாள், அப்பாவும் அம்மாவும் பிள்ளையும் ஒரே அறையில் தூங்கி ஒரே நேரத்தில் விழிக்கிற வாய்ப்பு ஆகஸ்டில்தான் வருகிறது என்றால், அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

நாலு நாளில் என்ன போகிறது?

கணக்குப் பார்த்துவிடலாம். 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி, ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வருஷத்துக்கு 200 வேலை நாட்கள். ஆறு முதல் எட்டு வரை 220 நாட்கள். இதில் நாலு நாள் என்பது 2 சதவீதம். இதனால் ஒரு பிள்ளை வாழ்க்கையில் கோட்டை விட்டுவிடாது.

ஆனால், இந்த நாலு நாள் தனியாக வருவதில்லை. அதுதான் சிக்கல்! சித்தப்பா கல்யாணம் இரண்டு நாள், குலதெய்வம் கோவிலுக்கு இரண்டு நாள், நிஜமான காய்ச்சல் ஒரு வாரம், ‘திங்கட்கிழமை ஒரு நாள்தானே, ஊர்லேயே இருந்துட்டு வரலாம்’ என்று ஒட்டுப்போட்ட லீவு மூன்று. கூட்டிப் பாருங்கள், டூரோடு சேர்த்து இருபதை நெருங்கும். அமெரிக்காவில், எந்தக் காரணத்துக்காக இருந்தாலும் சரி, மொத்தப் பள்ளி நாட்களில் 10 சதவீதம் வராத பிள்ளையை ‘நாள்பட வராத பிள்ளை’ என்று கணக்கில் எடுத்துக் கவனிக்கிறார்கள். நம் 200 நாளில் அது 20 நாள். ஆகவே, டூர் போகலாமா என்று யோசிக்கும்போது டூர் நாட்களை மட்டும் எண்ணாதீர்கள். டைரியைத் திறந்து இந்த வருஷம் ஏற்கெனவே எத்தனை நாள் போயிருக்கிறது என்று பாருங்கள்.

எந்த நாலு நாள் என்பதும் முக்கியம். சமூக அறிவியலில் ஒரு பாடம் விட்டால் வீட்டில் படித்துக்கொள்ளலாம். கணக்கு அப்படியல்ல. மூன்றாம் வகுப்பில் கடன் வாங்கிக் கழித்தல் ஆரம்பிக்கிற வாரம் நீங்கள் மைசூரில் இருந்தால், திரும்பி வந்த பிள்ளைக்கு அடுத்த பாடமும் புரியாது, அதற்கடுத்ததும் புரியாது. ‘எனக்குக் கணக்கு வராது’ என்று அதுவே முடிவு கட்டிவிடும். டீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், “அடுத்த வாரம் ரிவிஷன்தான், அப்ப போயிட்டு வாங்க” என்று சொல்லியிருப்பார். பொய் லெட்டர் கொடுத்தவர் இதைக் கேட்க முடியுமா? முடியாதே!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விட்டுப்போன நோட்ஸை எழுதுவது யார்? டூரிலிருந்து வந்த அன்று ராத்திரி, அழுக்குத் துணி மூட்டை ஒரு பக்கம், நாலு பாட நோட்டு ஒரு பக்கம் என்று பதினோரு மணி வரை உட்கார்ந்திருப்பது அநேகமாக அம்மாதான். லீவு போட முடிவெடுத்த அப்பாக்கள் இதையும் பங்கு போட்டுக்கொள்ளுங்கள் சார்!

யார் போகக் கூடாது?

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள். சி.பி.எஸ்.இ. தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும் என்ற விதி இருக்கிறது. ‘மிச்சம் 25 சதவீதம் நம்முடையதுதானே’ என்று சிலர் எண்ணுகிறார்கள். அது திடீர் வியாதிக்காகவும் துக்கத்துக்காகவும் விட்டுவைத்த இடம், கோவாவுக்காக அல்ல.

புதிதாகப் பள்ளி மாறிய பிள்ளை. முதல் இரண்டு மாதத்தில்தான் பக்கத்து பெஞ்ச் சிநேகிதம் உண்டாகிறது. அந்த நேரத்தில் ஒரு வாரம் காணாமல் போனால், திரும்ப வரும்போது கூட்டணி எல்லாம் அமைந்து முடிந்திருக்கும்.

மூன்றாவது, பள்ளிக்கூடம் என்றாலே வயிறு வலிக்கிற பிள்ளை. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். காலை ஏழு மணிக்கு வயிற்றுவலி, பத்து மணிக்குச் சரி, சனி ஞாயிறு வலியே கிடையாது... உங்கள் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், அது நடிக்கவில்லை. பயமும் பதற்றமும் உடம்பு வழியாகப் பேசுகின்றன. வலி நிஜமாகவே வலிக்கிறது. இந்தப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு இடைவெளிக்குப் பிறகும் திரும்பப் போவது முன்னைவிடக் கஷ்டம். “பாவம், ஒரு மாறுதலா இருக்கட்டும்” என்று பள்ளி நாளில் டூர் அழைத்துப் போனால், வந்தபின் வாசற்படி தாண்டவைக்க உங்களால் ஆகாது. முதலில் குழந்தை மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள். வகுப்பில் யாராவது மிரட்டுகிறார்களா, அடிக்கிறார்களா என்றும் கேளுங்கள். டூர் பரீட்சை முடிந்த பிறகு.

அந்தப் பொய் என்ன செய்கிறது?

இப்போது லெட்டருக்கு வருவோம். “ஒரு சின்னப் பொய்... யாருக்கு என்ன நஷ்டம்?” என்பீர்கள். நஷ்டக் கணக்கைச் சொல்கிறேன்.

லெட்டரைக் கொடுத்து முடித்ததோடு உங்கள் பொய் முடிந்துவிட்டது. பிள்ளையின் பொய் அப்போதுதான் ஆரம்பிக்கிறது. “காய்ச்சல் எப்படிப்பா இருக்கு? ஊசி போட்டாங்களா?” என்று டீச்சர் கேட்பார். பக்கத்து பெஞ்ச் பையன், “எங்கடா போனே?” என்பான். வாங்கி வந்த ஊட்டி வர்க்கியையும் சாக்லேட்டையும் நண்பர்களுக்குக் கொடுக்க முடியாது. பார்த்த யானையைப் பற்றி யாரிடமும் சொல்ல முடியாது. டூரில் பாதி சந்தோஷமே வந்து சொல்வதில்தானே! அதைப் பூட்டி வைக்கச் சொல்கிறோம். கூடவே, மாட்டிக்கொள்வோமோ என்று நாலு நாள் நெஞ்சு படபடப்பு வேறு.

சில பேர் காய்ச்சலோடு நிறுத்துவதில்லை. நல்லா இருக்கிற பாட்டியையே லெட்டரில் சாகடித்துவிடுகிறார்கள்! ஐந்தாறு வயதுக் குழந்தைக்கு, சொல்லுக்கும் நடப்புக்கும் இடையே கோடு இன்னும் சரியாகப் போட்டிருக்காது. ‘நாம சொன்னதாலதான் இப்படி ஆச்சு’ என்று அது நம்புகிற வயது. பிறகு அந்தப் பாட்டி நிஜமாகவே படுத்தால், குழந்தை மனசுக்குள் யாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது, வியாதி என்பது கஷ்டத்திலிருந்து தப்பிக்கிற கதவு என்று நாமே காட்டிக் கொடுக்கிறோம். ‘காய்ச்சல் என்றால் பள்ளி கிடையாது, ஊட்டி உண்டு’ என்று கற்றுக்கொண்ட பிள்ளை, கணக்கு டெஸ்ட் அன்று காலை “தலை வலிக்குதும்மா” என்கும்போது எந்த முகத்தோடு திட்டுவீர்கள்? அதைவிட மோசம், நிஜமாகவே தலை வலிக்கும்போது நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

பள்ளிக்கூடத்துக்கும் நஷ்டம் உண்டு. மழைக்காலத்தில் ஒரே வகுப்பில் நாலு பேர் காய்ச்சல் லீவு என்றால், டெங்குவாக இருக்குமோ என்று பள்ளி உஷாராக வேண்டும்; தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வேண்டும். நாலில் இரண்டு லெட்டர் பொய் என்று டீச்சருக்கே தெரிந்திருந்தால் யார் உஷாராவார்கள்?

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. லீவை எல்லாம் டூருக்குச் செலவழித்துவிட்டு, நிஜ வியாதி வரும்போது பிள்ளையைப் பள்ளிக்குத் துரத்துகிற வீடுகள் உண்டு. நூறு சதவீத வருகைக்குச் சர்ட்டிஃபிகேட் தருகிறார்கள் என்பதற்காக, 101 டிகிரி காய்ச்சலில் பாராசிட்டமால் கொடுத்து அனுப்புகிற வீடுகளும் உண்டு. இரண்டுமே தப்பு. சின்னம்மை போட்ட பிள்ளை, கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை வீட்டில்தான் இருக்க வேண்டும். வாந்தி பேதி நின்று ஒரு நாளாவது ஆன பிறகுதான் வகுப்பு. லீவு என்று ஒன்று இருப்பதே முதலில் இதற்குத்தான்.

லெட்டரோடு நிற்காமல் டாக்டரிடம் மெடிக்கல் சர்ட்டிஃபிகேட் கேட்கிறோமே, அதையும் சொல்லிவிடுகிறேன். “நம்ம டாக்டர்தானே, எழுதிக் கொடுப்பார்” என்கிற உரிமை! பொய்ச் சான்றிதழில் கையெழுத்துப் போடும் மருத்துவரின் பெயரைப் பதிவேட்டிலிருந்தே நீக்கலாம் என்று 2002-ம் வருஷத்து இந்திய மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகள் சொல்கின்றன. உங்கள் நாலு நாள் ஊட்டிக்காக அவருடைய பிழைப்பைப் பணயம் வைக்கச் சொல்கிறீர்கள். மறுக்கிற டாக்டர் மேல் கோபப்படாதீர்கள். அவர்தான் நல்ல டாக்டர்.

பள்ளிக்கூடங்களுக்கு ஒரு வார்த்தை

பெற்றோரை மட்டும் குட்டிவிட்டுப் போவது நியாயமில்லை. ஏன் பொய் சொல்கிறார்கள்? உண்மை சொன்னால் லீவு கிடைக்காது என்பதால்தானே! “டூரா? அதெல்லாம் அலவ் பண்ண முடியாது” என்று முகத்தில் அடித்த மாதிரி பதில் வந்தால், அடுத்த தடவை வைரல் காய்ச்சல்தான் வரும்.

வெளிநாட்டில் இதைச் சட்டமாகவே போட்டுப் பார்த்தார்கள். இங்கிலாந்தில் முன்பெல்லாம் குடும்பச் சுற்றுலாவுக்குத் தலைமையாசிரியர் வருஷத்துக்குப் பத்து நாள் வரை விட முடிந்தது. 2013 செப்டம்பரிலிருந்து, மிக விசேஷமான காரணம் இருந்தால்தான் லீவு என்று இறுக்கினார்கள். மீறினால் அபராதம். ஜான் பிளாட் என்ற ஒரு தந்தை, 2015-ல் மகளை ஏழு பள்ளி நாட்கள் ஃப்ளோரிடா அழைத்துப் போனார். அபராதம் கட்ட மாட்டேன் என்று வழக்காடினார். உச்ச நீதிமன்றம் வரை போய், 2017 ஏப்ரலில் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. 2024 ஆகஸ்டிலிருந்து அபராதத்தை 60 பவுண்டிலிருந்து 80 பவுண்டாக ஏற்றினார்கள். ஜெர்மனியில் 2018 மே மாதம், மெம்மிங்கன் விமான நிலையத்தில், லீவுக்கு முன்பே கிளம்பிய குடும்பங்களை போலீஸே நிறுத்தி விசாரித்தது!

நமக்கு இந்த போலீஸ் வேலை வேண்டாம். அபராதம் போட்டால், கட்ட முடிந்தவர் அதையும் டூர் செலவில் சேர்த்துக்கொள்வார். முடியாதவர் மட்டும் பயப்படுவார். ஆனால் அதே ஜெர்மனியில் ஒரு நல்ல வழக்கமும் இருக்கிறது. ஊர் மொத்தமும் ஒரே நாளில் ரோட்டுக்கு வராமல் இருக்க, மாநிலத்துக்கு மாநிலம் கோடை விடுமுறைத் தேதியை மாற்றி வைக்கிறார்கள். பிரான்ஸில் நாட்டை மூன்று மண்டலமாகப் பிரித்துக் குளிர்கால, வசந்தகால லீவுகளைத் தள்ளித் தள்ளி விடுகிறார்கள். நம்மால் மே மாத வெயிலை நகர்த்த முடியாது. காலாண்டு லீவையாவது மாவட்டத்துக்கு மாவட்டம் ஒரு வாரம் தள்ளி விட்டுப் பார்க்கலாமே!

அதுவரை ஒவ்வொரு பள்ளியும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒன்பதாம் வகுப்பு வரை, வருஷத்துக்கு நாலு நாள் ‘குடும்ப லீவு’ என்று டைரியிலேயே அச்சடித்து விடுங்கள். இரண்டு வாரம் முன்பே சொல்ல வேண்டும், பரீட்சை வாரத்தில் கிடையாது, விட்ட பாடம் பெற்றோர் பொறுப்பு என்று நிபந்தனையும் போடுங்கள். பொய்க் காய்ச்சலில் பாதி குணமாகிவிடும்.

கிளம்புவதற்கு முன்...

* முதலில் காலாண்டு லீவு, அரையாண்டு லீவு, பொங்கல் லீவு இவற்றைப் பாருங்கள். ஊட்டியில் செப்டம்பர், அக்டோபரில் இரண்டாவது சீசனே இருக்கிறது. முடிந்தால் ஒரு பள்ளி நாள்கூடப் போகாமல் போய் வரலாம்.

* லீவு போட்டே ஆக வேண்டுமானால், நேரில் போய் டீச்சரிடம் உண்மையைச் சொல்லுங்கள். ‘குடும்பத்தோடு வெளியூர் செல்வதால்’ என்றே எழுதுங்கள். மறுத்தால், ஏன் என்று கேளுங்கள். சொல்கிற காரணம் நியாயமாக இருந்தால் ஏற்றுக்கொண்டு தேதியை மாற்றுங்கள்.

* திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு வந்து இறங்கி எட்டு மணிக்கு யூனிஃபார்ம் போடுகிற மாதிரி திட்டம் வேண்டாம். ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை. ஒரு நாள் முன்னதாகத் திரும்புங்கள்.

* மலைப்பாதையில் வாந்தி எடுக்கிற பிள்ளைக்கு, கிளம்பும் முன் லேசான சாப்பாடு. வண்டியில் மொபைல், புத்தகம் இரண்டும் வேண்டாம். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கையில் இருக்கட்டும். எவ்வளவு தண்ணீரில் கரைக்க வேண்டும் என்று கவரைப் படித்துக் கரையுங்கள்.

* போன இடத்தில் பிள்ளை மொபைலைப் பார்த்துக்கொண்டும், நீங்கள் ஆபீஸ் கால் பேசிக்கொண்டும் இருக்கப் போகிறீர்களா? அப்படியானால், பேசாமல் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பிவிடுங்கள்! இந்த நாலு நாள் லீவுக்கு இருக்கிற ஒரே நியாயம், நீங்கள் அதோடு பேசப் போகிறீர்கள் என்பதுதான்.

அடுத்த டூருக்கு லெட்டர் எழுதும்போது பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு எழுதத் தெரிந்தால் அதையே எழுதச் சொல்லுங்கள்... ‘நாங்கள் தஞ்சாவூர் பெரிய கோவில் பார்க்கப் போகிறோம்’ என்று. திரும்பி வந்த அன்று டீச்சர், “கோவில் எப்படி இருந்தது, சொல்லு பார்ப்போம்” என்று வகுப்பு முன்னால் நிற்க வைத்துக் கேட்டால், உங்கள் பிள்ளை தலை நிமிர்ந்து பதில் சொல்லட்டும்!